கே. ராஜம்மாவும் வி. ராஜம்மாவும்

மைக்கில் கரகரவென்று சத்தம். அதன் பின்னால் ஒரு இருமல். அப்புறம் அந்தக் குரல்.

"வி. ராஜம்மா... கே. ராஜம்மா... இதில் ஏதாணு ஈ குட்டி?"

இந்த இரண்டு பேரில் இந்தப் பெண் யார் என்று கேட்கிறார்கள்.

கஞ்சிக்கோட்டில், ஒரு தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய செம்மண் மைதானம். வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளி அள்ளி எங்கள் முகத்தில் வீசியது. வலை படபடவென்று அடித்துக்கொண்டது. கயிற்றுக்கு வெளியே ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்த இளவட்டங்கள். பனைமர நிழலில் கும்பல் கும்பலாகப் பெண்கள். இறுதி ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் அது.

எங்கள் அணியில் இரண்டு ராஜம்மா கிடையாது. ஒரே ஒரு ராஜம்மாள்தான். எம்பிக் குதித்து அவள் பந்தை அடித்தால் எதிர்ப்பக்கத்து மண் தெறிக்கும். அவள் என் பக்கத்தில் நின்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த வெயிலிலும் அவள் கை சில்லென்று இருந்தது.

ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்துக்காக ஒரு மைதானமே காத்து நின்றது. ஆனால் அந்தக் கதைக்கு வர, நான் முதலில் மலையேறியாக வேண்டும்.

பீடி எழுதிக் கொடுத்த டாக்டர்

போன வாரம் இந்தப் பத்தியில், மூணாறுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட் இருக்கிற சின்னக்கானலின் பனியைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பனியில் பக்கத்துச் செடியில் கொழுந்து கிள்ளுகிறவள் முகம் தெரியாது. "ஏட்டி லட்சுமி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மலை முழுக்க "என்னட்டி?" என்று பதில் வரும். அத்தனை லட்சுமிகள். அத்தனை காளியம்மாள்கள், மாரியம்மாள்கள், முருகன்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது அந்தச் சாமிப் பேர்களைத்தான்.

ஆகவே எங்களுக்கு இனிஷியல் என்பது அலங்காரம் இல்லை. அது இல்லாவிட்டால் ஒருத்தி பறித்த கொழுந்து இன்னொருத்தி கணக்கில் ஏறிவிடும். எழுத்து வாசனையே இல்லாத பெண்கள்கூடத் தங்கள் இனிஷியலை மட்டும் இங்கிலீஷில் கணீரென்று சொல்வார்கள். "எம்மு லச்சுமி", "ஆரு மாரியம்மா". நான் எஸ். முத்துலட்சுமி. எஸ் என்றால் என் அப்பா சுடலைமுத்து. குழந்தைகள் காப்பகத்தில் எனக்கு வேலை. பத்தாவது வரை படித்திருந்ததால் லயத்தில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். லயம் என்றால் எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடு.

எஸ்டேட் பேச்சே பாதி எழுத்துச் சுருக்கம். பி.எஃப். வந்ததா என்பார்கள். "அவ எம்.எல். போட்டிருக்கா" என்றால் பிள்ளைப் பேற்று லீவில் இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கிற முழு வார்த்தை யாருக்கும் தெரியாது, தேவையும் இல்லை.

ஆஸ்பத்திரியில்தான் வம்பு வரும். மருந்துச் சீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்பதற்கு டாக்டர் பி.டி. என்று எழுதுவார். மூன்று வேளை என்றால் டி.டி.எஸ். ஒருநாள் ஒரு பெரியவருக்கு இருமல். கம்பவுண்டர் சீட்டைப் பார்த்து, தன் வழக்கப்படி "பி.டி." என்று உரக்கப் படித்துவிட்டு மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். பெரியவர் முகம் மலர்ந்துபோய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "டாக்டரே பீடி எழுதியிருக்காரு, இனிமே நீ வாயத் திறக்கக் கூடாது" என்று பற்ற வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அந்த அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று கம்பவுண்டரைத் திட்டிப் போட்ட சத்தம் தேயிலை ஃபாக்டரி வரை கேட்டது. டி.டி.எஸ். கதை அதைவிடச் சாது. அதில் வருகிற 'டி' டீதான், மருந்தை டீயில் கலக்கிக் குடிக்க வேண்டும் என்று எங்கள் லயத்தில் வெகுகாலம் நம்பினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் எல்.எஸ்.சி.

ஃபாக்டரிக்குக் கீழே வாலிபால் மைதானம் ஒன்று உண்டு. அது ஆண்களுடையது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூணாறுக்குப் படம் பார்க்கப் போய்விட்டால் சும்மா கிடக்கும். அப்படித்தான் நாங்கள் அதற்குள் கால் வைத்தோம். முதலில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிறகு அண்ணன் தம்பிகளின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு. வீட்டில் வாங்கிய திட்டுக்குக் குறைவில்லை.

எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருந்த கணேசன் அண்ணன் எங்களுக்கு ஆடச் சொல்லிக் கொடுக்க வந்தார். போடியில் படித்தபோது நன்றாக ஆடியவர். குள்ளமாக இருந்த என்னைப் பந்து தூக்கிக் கொடுக்கிற இடத்தில் போட்டார். ராஜம்மாளை அடிக்கிற இடத்தில் போட்டார். நான் தூக்க, அவள் அடிக்க, அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் கிழமையாகத் தெரிந்தது.

டீம் என்று ஆனதும் ஒரு பேர் வேண்டும். கணேசன் அண்ணன் லேடீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று வைத்து, எல்.எஸ்.சி. என்று சுருக்கினார். பச்சைச் சாயம் முக்கிய சட்டைகளின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால் அந்த எழுத்துகளைப் போட்டோம்.

அடுத்த நாளே மூன்று யூனியன்காரர்களும் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கேரளாவில் எந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தைச் சேர்த்தாலும் அது ஒரு கட்சியாகவோ யூனியனாகவோதான் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதில் 'எல்' என்றால் என்ன, அது எந்தத் தலைவர், கொடி என்ன கலர் என்று கேள்வி. "எல்-னா லேடீஸ்ங்க" என்று கணேசன் அண்ணன் சத்தியம் பண்ணாத குறை. ஆண் பிள்ளைகள் எங்களுக்கு வேறு விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். லயத்துச் சண்டைச் சிறுக்கிகள். அது எங்களுக்கே பிடித்துப்போய்விட்டது.

டி, சாய்கோடு, ஓ

ராஜம்மாளின் அப்பா வேலுச்சாமி, அவள் தவழ்கிற வயதில் இன்னொரு பெண்ணோடு கம்பம் பக்கம் இறங்கிப் போனவர். திரும்பி வரவில்லை. அம்மா காளியம்மாள்தான் முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக மலையேறி வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் அப்பா பேர் என்ன என்று கேட்டார், வேலுச்சாமி என்றாள், வி. ராஜம்மாள் என்று எழுதினார். அவ்வளவுதான்.

பதினெட்டு வயதானதும் ராஜம்மாளின் பேரைப் பெரியவர்களின் வேலைப் பதிவில் ஏற்ற வேண்டியிருந்தது. துணைக்கு என்னையும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு தாளில் அவள் பேருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு டி, ஒரு சாய்கோடு, ஒரு ஓ இருந்தன. அதற்கப்புறம் காலி இடம்.

"இது என்னட்டி?" என்று என்னைக் கேட்டாள்.

"இன்னாருடைய மகள்னு அர்த்தம்."

"அப்பாவோட மகள்னு எழுதியிருக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்ல. மகள்னு மட்டுந்தான் இருக்கு."

"அப்ப சரி. எங்கம்மா பேர எழுதச் சொல்லு."

அன்றைக்குக் கணேசன் அண்ணன் ஆபீஸில் இல்லை, மேசையில் இருந்தவர் வேலை நெருக்கடியில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காளியம்மாள் என்று எழுதினார். மேலே, ராஜம்மாளுக்கு முன்னால், கே என்று போட்டு ஒரு புள்ளி வைத்தார்.

வெளியே வந்ததும் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "கே. ராஜம்மா! கே. ராஜம்மா!" என்று சொல்லிப் பார்த்தாள். வாயில் மிட்டாய் போட்டுக்கொண்ட மாதிரி அவள் முகம் இருந்தது. வீட்டில் மட்டும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். காளியம்மாள் பயந்த சுபாவம். ஊர் என்ன சொல்லுமோ என்று படுத்துக்கொண்டாலும் படுத்துக்கொள்வாள்.

மலையை விட்டு இறங்கினோம்

பொங்கல் முடிந்த கையோடு அழைப்பு வந்தது. கஞ்சிக்கோட்டில் தொழிலாளர் பெண்களுக்கு வாலிபால் போட்டி. கணேசன் அண்ணன் எங்கள் பேர்களையெல்லாம் டைப் அடித்து அனுப்பினார்.

மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்குப் பஸ். அங்கிருந்து பொள்ளாச்சி. எங்களில் பாதிப் பேர் சமவெளியைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். இவ்வளவு தட்டையாக ஒரு ஊர் இருக்க முடியுமா என்று ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே வந்தோம். பஸ்ஸில் ஒருவர் எங்கள் முதுகைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். ராஜம்மாள் சட்டென்று, "புதுக் கட்சி, ஜெயிச்ச பிறகு சொல்லுதோம்" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

வெளியூர் அணிகளைப் பக்கத்து ஊர்த் தமிழ் விவசாயிகளின் வீடுகளில் தங்க வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது பழனாத்தாள் அக்காவின் வீடு. நெல் வயலும் தென்னந்தோப்புமாக நல்ல பண்ணையம். அக்கா எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மிணி, இந்தப் பந்தடிக்கறதுக்கா அத்தன தூரம் மலையில இருந்து எறங்கி வந்தீங்க?"

"ஆமாக்கா."

"ஒடம்புல எலும்பத் தவுர ஒண்ணையும் காணமே! வாங்க கண்ணு, மொதல்ல சாப்புடுங்க."

கொள்ளுப் பருப்பும் தயிருமாகப் போட்டு எங்களைத் திணறடித்துவிட்டார். அவர் பேச்சு எங்களுக்குப் பாதி புதிது, எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புதிது. எல்லாம் தமிழ்தான். "ஊட்டுல பொறந்த புள்ளைக மாதிரி இருங்க" என்று அவர் சொன்னதை வைத்து எங்கள் பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டு விளையாடினார்கள்.

முதல் நாள் எங்களுக்கு இரண்டு ஆட்டம். வெயில் எங்களைக் கொன்றது, காற்று பந்தைப் பறித்துக்கொண்டு போனது. ஆனாலும் இரண்டையும் ஜெயித்தோம். ராஜம்மாள் அடித்த அடிதான் காரணம். சாயங்காலம் கஞ்சிக்கோட்டு டீக்கடைகளில் அவள் பேர்தான் பேச்சு என்று கணேசன் அண்ணன் வந்து சொன்னார். பழனாத்தாள் அக்காவுக்கு அதைக் கேட்டதும் ஆவேசம் வந்துவிட்டது. மறுநாள் இறுதி ஆட்டத்துக்குத் தோட்டத்து ஆட்களையெல்லாம் வண்டி கட்டிக் கூட்டி வருவதாகச் சொன்னார். சொன்னபடியே கூட்டியும் வந்தார்.

தப்பு எது?

ராஜம்மாளைப் பற்றிய பேச்சு, எங்களை எதிர்த்து ஆட வேண்டிய தொழிற்சாலை அணியின் மேனேஜர் காதிலும் விழுந்திருந்தது. இந்தப் பெண் உண்மையிலேயே எஸ்டேட் தொழிலாளிதானா, வெளியிலிருந்து பிடித்து வந்த ஆளா என்று அவருக்குச் சந்தேகம். ஆட்டத்துக்கு முன்னால் எஸ்டேட் கொடுத்த அத்தாட்சியைக் காட்டச் சொன்னார்.

காட்டினோம். அதில் கே. ராஜம்மாள் என்று இருந்தது. கணேசன் அண்ணன் அனுப்பிய பேர்களில் வி. ராஜம்மாள் என்று இருந்தது. அவர் பழைய பள்ளிக்கூடச் சான்றைப் பார்த்து டைப் அடித்திருக்கிறார். எழுத்து மாறிய கதை அவருக்குத் தெரியாது.

"வி வேற ஆளு, கே வேற ஆளு" என்றார் மேனேஜர். அப்போதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி மைக்கில் வந்தது.

நடுவர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். எல்லோரும் மாஷ் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் விசில், ஒரு கையில் இரண்டு தாள், இன்னொரு கையில் மைக். நல்ல மனிதர். எங்களுக்குத் தமிழில் சொல்லிப் புரியவைக்கப் பாடுபட்டார்.

"நோக்கு, ஒண்ணு தெற்று. டைப் தெற்று எல்லாருக்கும் வரும். கே தெற்று, வி சரின்னு ஒரு வாக்கு பறஞ்சா போதும். களி தொடங்கலாம்."

தெற்று என்றால் தப்பு, களி என்றால் ஆட்டம். எங்களுக்கு உயிர் வந்தது. கணேசன் அண்ணன் ஓடி வந்தார்.

"சொல்லிரு தாயி. கே-ங்கிறது டைப் மிஸ்டேக், நான் வேலுச்சாமி மகதான்னு சொல்லிரு. முடிஞ்சு போச்சு."

ராஜம்மாள் என் மணிக்கட்டை விட்டாள்.

"தப்பு கே இல்லண்ணே. வி-தான்."

"ஏட்டி, இப்ப போயி..."

"வேலுச்சாமி யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. எதிர்ல வந்தாலும் தெரியாது. அவரு மகன்னு இத்தன பேரு முன்னால நான் எப்படிச் சொல்லுவேன்?" பிறகு மாஷைப் பார்த்துத் திரும்பினாள். "சார், கே-ன்னா காளியம்மா. எங்கம்மா. நான் அவ மக."

மாஷின் கையில் மைக் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். அவள் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். பனைமரத்தடிப் பெண்கள் எழுந்து கயிற்றோரம் வந்தார்கள்.

மாஷ் தலையைச் சொறிந்தார். "இனிஷியல்னு வெச்சா அச்சன்டெ பேரல்லே?" என்று பாதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அச்சன் என்றால் அப்பா.

"அதானே!" என்றார் மேனேஜர். "அனுப்பின பேர் வி. இங்கே வி இல்ல. அதனால இவள் ஆடக் கூடாது."

ராஜம்மாள் இல்லாமல் ஆடுவதற்கு ஆடாமலே மலையேறிவிடலாம். பின்னாலிருந்து பழனாத்தாள் அக்காவின் குரல் மட்டும் பாய்ந்து வந்தது: "ஏனுங்க மாஷு, பெத்தவ பேரச் சொன்னா அதுல என்னங்க தப்பு?"

சரோஜினியின் சி

அப்போது வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி குனிந்து, வலைக்கு அடியில் நுழைந்து, எங்கள் பக்கம் வந்தாள். எதிரணியின் கேப்டன். நெடுநெடுவென்று உயரம், இரட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்தாள். பேர் சி. சரோஜினி என்று முதல் நாளே மைக்கில் கேட்டிருக்கிறோம்.

"மாஷே, என்டெ 'சி' ஆருடெயா?" என்று கேட்டாள்.

மாஷ் தாளில் அவள் பேரைத் தேடினார்.

"சேரிக்கல். என்டெ அம்மயுடெ தறவாடு. அம்மயுடெ அம்மயுடெ வீடு. அச்சன்டெ பேரு அதில் எவிடெயும் இல்ல." பிறகு தன் மேனேஜரைப் பார்த்தாள். "எனிக்கு அம்மயுடெ இனிஷியல் ஆகாம். அவள்க்கு ஆகாதோ?"

தனக்கு அம்மா வழி இனிஷியல் ஆகும்போது ராஜம்மாளுக்கு ஆகாதா என்று கேட்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்களுக்கு இனிஷியல் என்றால் அப்பா. இவர்களில் பலருக்கு அது வீட்டுப் பேர், அதிலும் அம்மா வழி வீடு! பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரே இங்கிலீஷ் எழுத்துகளை எழுதிக்கொண்டு, இத்தனை காலமும் இது தெரியாமலே இருந்திருக்கிறோம்.

மேனேஜர் மலையாளத்தில் அவளிடம் வேகமாக ஏதோ சொன்னார். சொந்த ஊர், சொந்த மைதானம், கோப்பை கைக்கு எட்டுகிற தூரம் என்பதைத்தான் சொல்லியிருப்பார். சரோஜினி கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"களிக்கட்டெ."

ஆடட்டும் என்று அர்த்தம். மொழி தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கும் அது புரிந்தது. கூட்டம் கை தட்டியது. மாஷ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேனேஜர் பார்க்கப் பார்க்க, வி-யை அடித்துவிட்டுக் கே என்று எழுதினார். எழுதிவிட்டு மைக்கில் சொன்னார்:

"கே. ராஜம்மா, களிக்குந்நு!"

விசில் ஊதினார்.

காற்றோடு ஒரு ஆட்டம்

முதல் செட்டில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். காற்று அவர்களுக்குப் பழக்கம். அது எப்போது எழும்பும், எப்போது அடங்கும் என்று தெரிந்து பந்தை விட்டார்கள். சரோஜினியின் சர்வீஸ் வருகிற மாதிரி வந்து, கடைசி நேரத்தில் மேற்கே ஒதுங்கும். நாங்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

இடைவேளையில் ராஜம்மாள் என் காதருகே வந்தாள். "உயரமாத் தூக்காதட்டி. தணிவா, வலை ஒட்டித் தூக்கு. காத்து தொடறதுக்குள்ள அடிச்சிருதேன்."

தணிவாகத் தூக்கினேன். அடித்தாள். மண் தெறித்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி அடித்தாள். ஒவ்வொரு தடவையும் மாஷ் கையைத் தூக்க, பழனாத்தாள் அக்காவின் ஆட்கள் வண்டி மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்ற, இரண்டாவது செட் எங்களுக்கு வந்துவிட்டது. தொண்டை கட்டிப்போன அக்கா, "அட்றா அம்மிணி! அட்றா!" என்று கீச்சுக் குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாவது செட்டைப் பற்றி இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட். சர்வீஸ் அவர்களிடம் போகும், எங்களிடம் வரும், பாயின்ட் மட்டும் அசையாது. எல்லோர் கண்ணிலும் புழுதி. சரோஜினி பாய்ந்து விழுந்து எடுத்த ஒரு பந்துக்கு எங்கள் ஆட்களே கை தட்டினார்கள். அவள் முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள்.

கடைசியாக, இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் ஜெயம் என்ற நிலையில் சர்வீஸ் எங்களிடம் வந்தபோது போட வேண்டியவள் ராஜம்மாள். அவள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். காற்று வீசிக்கொண்டிருந்தது. அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டென்று ஒரு நொடி வலை தொங்கிப்போய் நின்றது. காற்று ஓய்ந்தது. அடித்தாள்.

பந்து நேராகப் போனது. ஒதுங்கும் என்று எதிர்பார்த்து ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களுக்கு நடுவில் விழுந்தது.

அதற்கப்புறம் நான் பார்த்தது ஆகாயத்தைத்தான். எல்லோரும் என் மேல் விழுந்துகிடந்தார்கள்.

கே-யின் முழுப் பேர்

எழுந்து பார்த்தபோது அந்த மேனேஜர் சரோஜினியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டிருந்தார். அவள் அணியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் சரோஜினியின் அருகில் போய், எனக்குத் தெரிந்த மலையாளத்தில், வருத்தமா என்று கேட்டேன்.

"பின்னெ இல்லாதெ? நல்ல வெஷமம் உண்டு" என்றாள் சரோஜினி, ஒளிக்காமல். வெஷமம் என்றால் அவர்களுக்கு வருத்தம். யாரோ நீட்டிய சோடாவை ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு நேராக ராஜம்மாளிடம் போய், அந்தத் தணிவான பந்தை எப்படி அடிக்கிறாய், காட்டு என்று கையைப் பிடித்து இழுத்தாள். பரிசு கொடுக்கக் கூப்பிடுகிற வரை இரண்டு பேரும் வலையருகே குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசளிக்கும்போது மைக்குக்காரர் வந்து, கே-க்கு முழுப் பேர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். சிறந்த ஆட்டக்காரிக்கான பரிசுக்கு அவர் கூப்பிட்டது இப்படி:

"காளியம்மா ராஜம்மா!"

மறு வருஷமே ராஜம்மாளுக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சரோஜினியும் அவளும் ஒரே அணியில் ஆடினார்கள். அந்தக் கதை பெரியது.

நாங்கள் மலையேறிய மறுநாள் காலை. ராஜம்மாளுக்குக் காய்ச்சல், போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். காளியம்மாளிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த சரிவுக்குப் போய், செடிகளுக்கு நடுவே நின்று, தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. கொழுந்து கூடைக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"அந்த மனுசன் பேர எடுத்துட்டாளா?" என்றாள்.

"எடுத்துட்டா."

"எம் பேரையா மைக்குல சொன்னாக?"

"ஆமா, சித்தி."

இப்போது கை நின்றது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். காளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"எப்படிட்டி சொன்னாக? அவுக சொன்ன மாதிரியே ஒருக்கா சொல்லு பாப்போம்."

வாயைக் கையால் குவித்துக்கொண்டு, மைக்குக்காரரைப் போலவே இழுத்து, என் பலம் கொண்ட மட்டும் கத்தினேன்.

"காளியம்மா ராஜம்மா!"

எதிர்ச் சரிவில் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் திருப்பிக் கேட்டது. "எந்தக் காளியம்மாட்டி?"

அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத அந்த மனுஷி, கூடையோடு ஒரு பாறை மேல் ஏறி நின்றாள்.

"நாந்தாண்டி!" என்று கத்தினாள்.